ரீகன்ஃபர்ம் செய்ததாக நான் சொன்ன டிக்கெட்

விமான டிக்கெட் இப்போது கம்ப்யூட்டரில் அச்சடித்த ஒற்றைத் தாளாகிவிட்டது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால் ஏறிவிடலாம். தொண்ணூறுகளில் அப்படி இல்லை. டிக்கெட் கையில் இருந்தாலும், அதில் இடம் உண்டு என்று எழுதியிருந்தாலும், புறப்படுவதற்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்னால் விமானக் கம்பெனிக்குப் போன் செய்து, ‘நான் வருகிறேன், என் இடத்தை வைத்திருங்கள்’ என்று இன்னொரு முறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் கேட்க முடியாது. அதற்குப் பெயர் ரீகன்ஃபர்ம். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களுக்காக நான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் செய்யாமலே செய்துவிட்டேன் என்று சொன்னேன். அதனால் சென்னையில் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெங்களூரில் ஓட்டல் மேஜை துடைத்தேன். கோவா கடற்கரையில் இரண்டு சீசன் மீன் வறுத்தேன். மகாபலிபுரத்தில் ஒரு லாட்ஜில் வெந்நீர் தூக்கினேன். ஒரு இடத்தில் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. இங்கிலீஷ் எனக்கு எழுத வராது, ஆனால் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்ல வரும். மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி குடிக்க ஊர்ப் பக்கம் வந்தவன், குணமானதும் திருவண்ணாமலையில் தங்கிவிட்டேன். பூத் முதலாளி முன்னால் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் கூடிக்கொண்டே போனதைப் பார்த்து லாரியை விட்டுவிட்டு விமானத்துக்கு மாறியிருந்தார். பூத்துக்கு மேலே ‘டிராவல்ஸ்’ என்று புதிதாக எழுதி, பக்கத்தில் ஒரு விமானம் வரையச் சொல்லியிருந்தார். வரைந்தவன் அதற்கு மீன் மாதிரி வாலைப் போட்டுவிட்டான்.

“உனக்கு இங்கிலீஷ் வருது, எனக்கு கல்லாவில உக்கார வருது. நீ போனைப் பாரு,” என்று முதலாளி சொன்னார். என் வேலை அப்படித்தான் தொடங்கியது. பூத்துக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்துக்கொள்ளலாம். சாப்பாடு எதிர்க் கடையில்.

ரீகன்ஃபர்ம் செய்வது இப்படி. டிக்கெட் ஒரு மெல்லிய புத்தகம் மாதிரி இருக்கும். உள்ளே கை பட்டால் சிவப்பு ஒட்டிக்கொள்ளும் தாள்கள். அதில் ஒரு மூலையில் ஆறு எழுத்து இருக்கும். சென்னைக்குப் போட்டு அந்த ஆறு எழுத்தைச் சொன்னால், அங்கே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, ஆள் வருகிறார் என்று பதிந்துகொள்வார்கள். ஆனால் லைனில் ‘பி’ என்றால் ‘டி’ என்று கேட்கும், ‘எம்’ என்றால் ‘என்’ என்று கேட்கும். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமானக்காரர்களுக்கு அதற்கென்று தனி வரிசை உண்டு. எனக்கு அது தெரியாது. தெரிந்தது பஸ் ரூட். “வி ஃபார் வேலூர், பி ஃபார் போளூர், டி ஃபார் திருவண்ணாமலை, சி ஃபார் செங்கம்” என்று சொல்லிக்கொண்டு போவேன்.

முதல் தடவை சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் சிரிப்பை அடக்கியது கேட்டது.

“சார், ஏ-க்கு ஆரணி வருமா?”

“வரும்ங்க. போளூர்ல இருந்து பிரியும்.”

“எங்க அம்மா ஊரு ஆரணிதான் சார்.”

அந்தக் குரல்தான் அந்தக் கம்பெனிக்கு எப்போது போன் செய்தாலும் எடுக்கும். எடுத்தவுடன் தன் பெயரைச் சொல்லும். அது அவர்கள் ஆபீஸ் வழக்கம். என்னை ‘சார்’ என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். ஓட்டலில் ‘டேய்’, லாட்ஜில் ‘தம்பி’, கோவாவில் விசில். ஒரு பெண் ‘சொல்லுங்க சார்’ என்றதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு டிக்கெட்டில் எக்ஸ் வந்தது. நான் தடுமாறினேன்.

“எக்ஸுக்கு ஊரு இல்லீங்களா சார் உங்க ரூட்ல?”

“இல்லீங்க.”

“எக்ஸ்-ரேன்னு சொல்லணும் சார்.”

“எக்ஸ்-ரே எடுக்க நாங்க வேலூருக்குத்தாங்க போறோம். அப்ப அதுவும் வேலூருதான்.”

அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் யாரோ கண்டிக்கும் குரல் கேட்டது. உடனே குரலைத் தணித்துக்கொண்டு, “டெம்பரவரிதான் சார் நான். சித்திரையில பர்மனெண்ட் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. சிரிச்சேன்னு அனுப்பிடப் போறாங்க” என்றார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதும் இன்னொரு நாள் பேச்சோடு பேச்சாக வந்தது. நான் அவரைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அவர் குரல் எனக்கு மரியாதையாக இருந்தது, அவ்வளவுதான்.

ரீகன்ஃபர்ம் என்ற சொல் அந்த ரோட்டில் எல்லார் வாயிலும் புரண்டது. வெள்ளைக்காரர்கள் காப்பிக் கடையில் பிரியும்போது ‘போய் வா’ என்று சொல்வதற்கு முன்னால் ‘ரீகன்ஃபர்ம் ஆயிற்றா?’ என்று கேட்டுக்கொள்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஆட்டோக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். “காலையில அஞ்சு மணிக்கு வண்டி வோணும்னியே, ரீகன்ஃபர்மா?” என்பான் ஒருவன். வீட்டு புரோக்கர், வாடகைக்கு ஆள் வருவது நிச்சயமா என்று கேட்க அதையே சொல்வார். வெறும் ‘கன்ஃபர்ம்’ ஏற்கெனவே நம் பேச்சில் இருந்தது. முன்னால் ‘ரீ’ சேர்ந்ததும் அதற்கு ஒரு விமான வாசனை வந்துவிட்டது.

அதன் பொருளை எனக்குச் சொன்னவர் ஒரு கிழட்டு வெள்ளைக்காரர். ஆசிரமத்துக்குப் பின் பக்கம் அறை எடுத்து வருஷக் கணக்காக இருந்தவர், வாரத்துக்கு ஒரு முறை தன் தங்கைக்குப் போன் செய்ய வருவார். லைன் கிடைக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான், ஒரு தடவை ‘வருகிறேன்’ என்று சொன்னவன் எதற்கு மறுபடி சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் அந்தச் சொல்லை மூன்று துண்டாக உடைத்தார். நடுவில் இருப்பது ஒரு பழைய ரோமாபுரிச் சொல், திடமானது, அசையாதது என்று பொருள். அதற்கு முன்னால் வருவது அதை நன்றாக இறுக்குகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ‘ரீ’க்கு மறுபடி என்று பொருள். விமானக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை, கிறிஸ்தவ தேவாலயத்திலிருந்து வந்தது என்றார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதற்குப் பேச வராது. பெரியவர்கள்தான் அதற்காக ‘ஆமாம்’ என்று சொல்கிறார்கள். வளர்ந்த பிறகு அதே ‘ஆமாம்’ஐ அவனே வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தச் சடங்குக்குத்தான் கன்ஃபர்மேஷன் என்று பெயர் என்றார். பிறகு லைன் கிடைத்தது, எழுந்து போய்விட்டார்.

எனக்குப் புரிந்தது, ஆனால் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்குக் கிளம்பினவனை ‘எங்கே போகிறாய்’ என்றே கேட்கக்கூடாது. கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து போவார்கள். இன்னொன்று, தட்டு மாற்றிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்து ‘பெண்ணைக் கொடுக்கிறீர்கள்தானே?’ என்று கேட்டுப் பார்க்கட்டும். என் சித்தப்பா வீட்டில் அப்படிக் கேட்டுத்தான் ஒரு கல்யாணம் நின்றது. “ஒரு வாட்டி சொன்னது பத்தாதா? எங்களை இன்னா பொய்யனுங்கன்னு நெனச்சீங்களா?” என்று சித்தப்பா தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி கேட்பது எங்களுக்கு அவமரியாதை. டிக்கெட்டில் ஓ.கே. என்று அடித்திருக்கிறது, அதற்கு மேல் என்ன, வெள்ளைக்காரர்களுக்கு ஒருவரை ஒருவர் நம்பத் தெரியவில்லை, அதற்கு ஒரு போன், அதற்கு ஒரு பெயர் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன்.

இப்படி நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லைன் கிடைக்காத ஒரு நாள் போன் செய்யாமலே ‘ஆயிற்று’ என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஆள் ஒரு சிக்கலும் இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம் இன்னொருவர். அவரும் போய்ச் சேர்ந்தார். நான் நினைத்ததுதான் சரி என்று எனக்கு ஆகிவிட்டது.

அது பங்குனிப் பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே பஸ் பஸ்ஸாகக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பூத் வாசலில் வரிசை நின்றது. எல்லாருக்கும் ஊருக்குப் போன் செய்து, ‘வந்து சேர்ந்துட்டோம், இனிமே மலையைச் சுத்தப் போறோம்’ என்று ஒரு வரி சொல்ல வேண்டும். முந்தின நாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல உயரம். அவர் நாட்டில் பள்ளிக்கூட டீச்சர். நான்காம் நாள் விமானம். எழுபத்திரண்டு மணி நேரக் கணக்குப் பார்த்தால் பௌர்ணமி அன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

காலையில் இரண்டு தடவை சுழற்றினேன். எங்கேஜ். உண்மையை எழுத வேண்டும் என்றால், இரண்டே தடவைதான். அப்புறம் எதிர்க் கடை டிவியில் கிரிக்கெட் தொடங்கியது. வரிசையில் நிற்பவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்துக்கொண்டே கண்ணை அங்கே வைத்திருந்தேன். இடையில் முக்கால் மணி நேரம் கூட்டமே இல்லை. அப்போது போட்டிருக்கலாம். போடவில்லை. அன்றைக்கு முழுக்க லைனே கிடைக்கவில்லை என்று நான் பிறகு சில பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

ஐந்து மணிக்கு அந்த அம்மாள் வந்தார்.

‘ஆயிற்றா?’ என்று கேட்டார்.

‘ஆயிற்று’ என்றேன்.

டிக்கெட்டை வாங்கிக்கொண்டவர் போகவில்லை. துணிப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். யாரிடம் பேசினாய் என்று கேட்டார். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அதைச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல் என்றார். எனக்கு எழுத்துக் கூட்ட வராததால் அவர் நோட்டில் அவராகவே காதில் விழுந்தபடி எழுதி, சரியா என்று என் முன்னால் நீட்டினார். சரி என்று தலையாட்டினேன். டிக்கெட் உறையின் மேலும் எழுதித் தரச் சொன்னார். அதைத் தமிழில் எழுதினேன். அவர் அதைப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாத இடத்தில் ஒரு முறை எழுதியாயிற்று.

அந்த அம்மாளுக்கு விமானத்தில் இடம் இல்லை. வாடகைக் காரில் சென்னை போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவுண்டரில் நின்றபோது, பட்டியலில் உங்கள் பெயர் கிடையாது, நீங்கள் ரீகன்ஃபர்ம் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான்கு நாள் சென்னையில் லாட்ஜில் இருந்து, அடுத்த விமானத்தில் போனார். போவதற்கு முன்னால் கம்பெனி ஆபீசுக்கு நேராகப் போய், நோட்டைத் திறந்து வைத்து, எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தார். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. பத்து நாள் கழித்து அந்த ஆபீஸ் மேனேஜர் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

போனை எடுத்தது முதலாளி. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“இல்ல சார், அந்தப் பேச்சே வேணாம். நம்ம ஆளு பண்ணேன்னு சொன்னா பண்ணியிருப்பான் சார். கை சுத்தம், வாய் சுத்தம். இருங்க, அவன்கிட்டயே குடுக்கறேன்.”

ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு, “பயப்படாம சொல்லுபா, இன்னா நடந்துச்சோ அத சொல்லு,” என்றார்.

மேனேஜர் இரண்டே கேள்விதான் கேட்டார். பௌர்ணமி அன்றைக்கு எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தீர்களா? இந்தப் பெண்ணிடம்தான் பேசினீர்களா? முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி என்னைப் பற்றிச் சொன்ன அந்த நிமிஷத்தில் ‘இல்லை’ என்று சொல்ல என்னால் முடியவில்லை.

“ஆமா சார்” என்றேன்.

“ரெண்டும் ஆமாவா?”

“ரெண்டும் ஆமா சார்.”

முதலாளி தேநீர் வாங்கிக் கொடுத்தார். “பாத்தியா, பெரிய கம்பெனின்னா அவனுங்க தப்பை நம்ம தலைமேல போடப் பாப்பானுங்க,” என்றார். நான் தேநீரைக் குடித்தேன்.

இதோடு முடிந்திருந்தால், மேனேஜருக்குப் பயந்து சொன்ன பொய் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பூத்தைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பெண் குரல். பெயரைச் சொல்லவில்லை. ஆபீஸிலிருந்து பேசவில்லை என்று தெரிந்தது, பின்னால் மளிகைக் கடையில் ஆட்கள் பேரம் பேசும் சத்தம்.

“சார், நான்தான் சார். உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறேன்னு நினைக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“அந்தப் பௌர்ணமி அன்னிக்கு நீங்க பேசினது என்கிட்டதானா சார்? எனக்கு ஞாபகமே வரல. கம்ப்யூட்டர்ல இல்ல, என் கைநோட்டுலயும் இல்ல. நீங்க போன் பண்ணா எனக்கு மறக்காது சார். ஊருப் பேரெல்லாம் சொல்லுவீங்க இல்ல, அது மனசுல நிக்கும். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். எழுத மறந்துட்டேனா, இல்ல பேசினதையே மறந்துட்டேனா, ஒண்ணும் புரியல. எனக்கே என் மேல பயமா இருக்கு சார்.”

சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தேன்.

“சார், இருக்கீங்களா? நீங்க வேற யார்கிட்டயாவது பேசிட்டு, என் பேரை மாத்திச் சொல்லிட்டீங்களோன்னு… தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு வாட்டி யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பேச்சை வெச்சுத்தான் அவங்க முடிவு பண்ணுவாங்க.”

அவர் எனக்கு ஒரு வழியும் திறந்து வைத்திருந்தார். வேறு யாரிடமோ பேசினேன், பெயர் மாறிவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். பொய்யைக்கூடக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் நேற்று மேனேஜரிடம் ஒன்று சொல்லிவிட்டு இன்றைக்கு மாற்றினால் என் பேச்சு முழுக்கச் சந்தேகமாகிவிடும் என்று அந்த நேரத்தில் என் புத்தி கணக்குப் போட்டது. அந்த மாதிரி நேரத்தில் புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பது எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

“உங்ககிட்டதாங்க பேசினேன்” என்றேன்.



“அப்ப நான்தான் தப்பு பண்ணியிருக்கேன். அந்த அம்மாவும் பாவம், நீங்களும் பேச்சு வாங்கியிருப்பீங்க. சாரி சார்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த முறை அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தபோது வேறு குரல். நான் ஊர்ப் பெயர் சொல்ல ஆரம்பித்ததும், “அந்தக் கதையெல்லாம் வேணாம், எழுத்தைச் சொல்லுங்க” என்றது. முன்னால் இருந்தவங்க எங்கே என்று கேட்டேன். “இப்ப இல்லீங்க. ஒரு கம்ப்ளெயிண்ட்ல நிறுத்திட்டாங்க.” சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அதே மாதம் அந்த வெள்ளைக்கார அம்மாளிடமிருந்து பூத் விலாசத்துக்கு ஒரு தபால் அட்டை வந்தது. கிழட்டு வெள்ளைக்காரரைப் படித்துச் சொல்லச் சொன்னேன். ‘உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ உன் வேலையைச் செய்தாய். தவறு அந்தப் பெண்ணுடையது’ என்று எழுதியிருந்தார். முதலாளி அந்த அட்டையைக் கல்லாவுக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தார். வருகிறவர்கள் படிக்கட்டும் என்று. இருபது நாள் அதற்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்தேன். அப்புறம் ஒரு மத்தியானம் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பத்து வருஷம் எங்கெங்கோ இருந்தேன். சாயப் பட்டறையில் வேலை பார்த்து விரல் நகமெல்லாம் நீலமானது. மறுபடியும் கோவா. வடக்கே ஒரு யாத்திரைக் கம்பெனியில் சமையல். ஒரு பஸ் விபத்தில் முட்டி உடைந்தது, தகடு வைத்தார்கள், சமையலில் நிற்க முடியவில்லை. திருவண்ணாமலைக்கு வந்து ஒரு கெஸ்ட் ஹவுசில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தேன். ஊர் மாறியிருந்தது. பூத் இருந்த இடத்தில் இன்டர்நெட் சென்டர்.

அங்கே தங்கியிருந்த ஒரு இளம் ஜோடி கிளம்பும்போது பழக்க தோஷத்தில், ‘ரீகன்ஃபர்ம் ஆயிற்றா?’ என்று கேட்டுவிட்டேன். அவர்களுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவன் எதற்கு மறுபடி சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண் சிரித்தாள். நான் ஒரு காலத்தில் கேட்ட அதே கேள்வி. எனக்கு மட்டும் உடம்பு கூசியது. அந்த வேலையே உலகத்தில் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்காக ஒருத்திக்கு வேலை போனது போனதுதான். அடுத்த வாரம் சென்னைக்குப் போனேன்.

கம்பெனி அதே ஆபீஸில்தான் இருந்தது. உள்ளே ஒரு நடுத்தர வயது அதிகாரி அம்மா. என் காலையும் சட்டையையும் பார்த்து, உட்காரச் சொன்னார். முழுக்கச் சொன்னேன். குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தப் பொண்ணு எனக்குப் பக்கத்து சீட்டு,” என்றார் கடைசியில். “நான்தான் அவகிட்ட, நீ வயசுப் பொண்ணு, எதையாவது யோசிச்சிட்டு மறந்திருப்பேன்னு சொன்னேன். இப்ப வந்து சொல்றீங்க.”

அந்த மேனேஜர் இப்போது இல்லை, அந்த ஃபைலும் இருக்காது, எழுதிக் கொடுத்தாலும் வைக்க இடமில்லை என்றார். ஒரு நோட்டைப் புரட்டி ஒரு நம்பரைத் துண்டுத் தாளில் எழுதினார். “ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை பாக்கறா. கல்யாணம் ஆயிடுச்சு.”

“மேடம், நீங்களே சொல்லிடறீங்களா?”

அவர் பேனாவை மூடினார். “இதையும் உங்களுக்காக இன்னொருத்தர்தான் பேசணுமா?”

கீழே தெருவில் ஒரு டீக்கடை வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். கடைக்காரரிடம் பத்து ரூபாய்க்குச் சில்லறை வாங்கினேன். பிறகு போட்டேன். சனிக்கிழமை, ஸ்கூல் லீவு என்பதால் வீட்டில் இருந்தார். பத்து வருஷத்தில் குரல் கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான். நான் திருவண்ணாமலை பூத் ஆள் என்றேன். உடனே தெரிந்துகொண்டார். “சார், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். அந்த ‘சார்’ஐத் தாங்க முடியாமல், மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்காமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் போன் செய்யவில்லை. உங்களிடமும் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை. நீங்கள் கேட்டபோதும் தெரிந்தே பொய் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். போன் பீப் அடித்தது, ஒரு காசு போட்டேன்.

“அப்ப நான் மறக்கலையா?” என்றார்.

“இல்லீங்க.”

“நல்லா சொல்லுங்க. நான் மறக்கல?”

“நீங்க எதையும் மறக்கலீங்க. மறக்கறதுக்கு ஒண்ணும் நடக்கவே இல்ல.”

“கேஸ் அடுப்பை மூடினேனான்னு மூணு வாட்டி போய்ப் பாக்கறேன். பஸ் ஏறின அப்புறம் இறங்கி வந்து பூட்டை இழுத்துப் பாத்திருக்கேன். ஸ்கூல்ல ஒரு ரசீது போட்டா நாலு வாட்டி கூட்டறேன். எனக்கு மறதி வியாதின்னு என் வீட்டுக்காரர் சொந்தக்காரங்க கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. நானே அப்படித்தான் சொல்லிப்பேன்.” மூச்சு வாங்கியது. அழுகிறாரா, கோபமா, தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“என்கிட்ட சொன்னா பத்தாது. நான் போய்ச் சொன்னா, நீயா கட்டி விடறன்னு சொல்லுவாரு. போனை வெக்காதீங்க. அவர் வாசல்லதான் இருக்காரு. இப்ப எனக்குச் சொன்ன மாதிரியே அவர்கிட்டயும் சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம.”

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம். அவர் கூப்பிடும் குரல் தூரத்தில் கேட்டது. கையில் இருந்த காசுகளை எண்ணாமல் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். டீக்கடைக்காரர் என்னையே பார்த்தார். செருப்புச் சத்தம் நெருங்கியது.

“யாருங்க?” என்றது ஒரு ஆண் குரல்.

என் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.